உஷான்கா: செவிமூடி அல்ல, காதுக்குல்லா

போன வாரம் ஒரு மொழிபெயர்ப்பு நாவலில் மறுபடியும் அந்தச் சொல்லைப் பார்த்தேன். இரண்டாம் உலகப் போர், கொட்டும் பனி, காவல் நிற்கும் சோவியத் சிப்பாய். அவனுடைய ‘செவிமூடி’யில் சிவப்பு நட்சத்திரம் மின்னியதாம். வாசிப்பவர் அந்த நட்சத்திரத்தை எங்கே தேடுவார்? காதில்தானே தேடுவார்! அது இருப்பதோ நெற்றிக்கு மேலே, மடித்துவிட்ட முன்பட்டையில்.

மூலத்தில் இருக்கும் சொல் உஷான்கா, இரண்டு பக்கமும் மடல் வைத்த ரஷ்ய ரோமத் தொப்பி. ரஷ்ய மொழியில் காது ‘ஊஹ’, காதுகள் ‘ஊஷி’. அதிலிருந்து வந்தது. நீளக்காது வௌவாலுக்கு அங்கே ‘உஷான்’ என்று பெயர். ஆக, உஷான்கா என்றால் காதுடையது, அவ்வளவுதான். மூடுவது என்ற பொருள் அந்தச் சொல்லில் எங்குமே இல்லை.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. தொப்பியின் இரண்டு பக்கமும் தொங்கும் மடல்களுக்கு ரஷ்யர்கள் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள்: நவூஷ்னிக்கி. பாட்டுக் கேட்கும் ஹெட்போனுக்கும் இதே சொல்தான். செவிமூடி என்று எதையாவது சொல்லியே ஆகவேண்டுமானால் இந்த மடல்களைச் சொல்லலாம். உறுப்பின் பெயரை முழுப்பொருளுக்குச் சூட்டிவிட்டால், பிறகு உறுப்பை என்னவென்று சொல்வது? அதோடு, அந்த மடல்கள் பெரும்பாலான நேரம் காதை மூடுவதே இல்லை. நாடாவால் உச்சியில் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். குளிர் மைனஸ் 10 டிகிரிக்கு இறங்கினால்தான் இறக்கிவிடலாம் என்று ராணுவ விதியே உண்டு. மைனஸ் 5 டிகிரியில் அணிவகுத்து நிற்பவன் தலையில் இருப்பது எந்தச் செவியையும் மூடாத ‘செவிமூடி’!

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. காதை மூடும் ராணுவத் தொப்பி உஷான்கா ஒன்றுதானா? ரஷ்ய உள்நாட்டுப் போர்க் காலத்தில் செம்படை என்ற கம்யூனிஸ்ட் ராணுவம் அணிந்த புத்யோனவ்காவிலும் மடித்துப் பொத்தான் போட்ட பட்டை உண்டு. அதை இறக்கினால் காதும் கழுத்தும் மூடும். ஆனால் உச்சி கூம்பாக, பழங்கால ரஷ்ய வீரர்களின் தலைக்கவசம் மாதிரி நிற்கும். குதிரைப்படைத் தளபதி புத்யோன்னியின் பெயரால் வழங்கும் தொப்பி அது. மார்கழிக் காலையில் நம் பெரியவர்கள் மாட்டிக்கொள்ளும் குரங்குக் குல்லாவும் காதை மூடத்தான் செய்கிறது. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பெயர் எதையும் அடையாளம் காட்டாது.

பழைய படங்களைப் பார்க்கிறவர்களுக்கு இந்த அடையாளம் மிக முக்கியம். 1919இல் சைபீரியாவில் உஷான்கா வகைத் தொப்பியை அணிந்தவர்கள் செம்படையினர் அல்லர். அவர்களை எதிர்த்துப் போரிட்ட அட்மிரல் கல்சாக்கின் வெண்படையினர். அதனால் அதற்குக் ‘கல்சாகவ்கா’ என்றே பெயர் இருந்தது. 1939–40 குளிர்காலத்தில் பின்லாந்துடன் நடந்த போரில் கூம்புத் தொப்பி குளிருக்குத் தாங்கவில்லை. பின்லாந்துக்காரர்களிடம் 1936 முதலே ரோமக் காதுக்குல்லா இருந்தது. அதன்பிறகுதான், 1940இல், செம்படை உஷான்காவுக்கு மாறியது. ஆகவே கூம்பா, காதா என்று பார்த்தாலே ஒரு படத்தின் காலத்தை ஓரளவு கணித்துவிடலாம். இருப்பில் கிடந்த கூம்புத் தொப்பிகளை 1941இல் ஜெர்மனியுடன் போர் தொடங்கிய பிறகும் சிலர் அணிந்தார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கர்னல்களும் ஜெனரல்களும் அணிந்த பப்பாஹா என்ற உயரமான ரோமத் தொப்பிக்கோ காதே கிடையாது. இந்த மூன்றையும் ‘கம்பளித் தொப்பி’ என்று ஒரே சொல்லில் அடைத்துவிடும் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம். கம்பளித் தொப்பி என்றதும் நமக்கு ஊட்டியில் விற்கும், ஊசியால் பின்னிய தொப்பிதான் கண்முன் வரும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம்மிடம் ‘கை வைத்த பனியன்’ இருக்கிறது, ‘காலர் வைத்த சட்டை’ இருக்கிறது. பையின் பிடிக்குக் காது என்கிறோம், ஊசித் துளைக்கும் காது என்கிறோம். ஒரு பொருளில் காது முளைப்பது தமிழுக்குப் புதிதே இல்லை. காது வைத்த குல்லா, சுருக்கமாகக் காதுக்குல்லா. ரஷ்யச் சொல் செய்வதை இது அப்படியே செய்கிறது, சிறுபிள்ளைக்கும் புரிகிறது.

குல்லா பாரசீகத்துக் ‘குலாஹ்’ ஆயிற்றே என்று தனித்தமிழ் அன்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு மாற்றாக அவர்கள் தரும் ‘செவிகாப்புத் தலையணி’யைக் குளிரில் நடுங்கும் ஒருவன் வாய்விட்டுச் சொல்வதாக என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தலையணி என்றால் மகுடமும் தலையணிதான், தலைப்பாகையும் தலையணிதான். தலையைக் கவ்விப் பிடிக்கிற மெத்தென்ற ஒன்றைக் குல்லா என்றுதான் ஊரே சொல்கிறது. கடன் வாங்கிய சொல்லானாலும் அதன் பொருள் கூர்மையாக இருக்கிறது. செவியும் மூடியும் சுத்தமான தமிழ்தான். சேர்த்து வைத்தால் வேறு ஒரு பொருள் அல்லவா வந்து நிற்கிறது?

நாவலில் முதல்முறை வரும்போது ‘உஷான்கா என்னும் காதுக்குல்லா’ என்று எழுதலாம். அப்புறம் காதுக்குல்லா என்றே கொண்டுபோகலாம். சிப்பாய் அதன் காதுகளை அவிழ்த்து இறக்கினான் என்று எழுதினால் குளிர் எவ்வளவு ஏறிவிட்டது என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும்.