அம்பாசடர் எஞ்சினின் பின்முனையில் ஆயிலை நிறுத்துவது எது?

பழைய அம்பாசடர் காரில், எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் ஆயில் சொட்டினால், "பின்னாடி கிராங்க் சீல் போயிடுச்சு, எஞ்சினை இறக்கணும்" என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனைக்கு ரப்பர் சீலே கிடையாது. பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் வடிவமைத்த 'பி சீரிஸ்' எஞ்சின் அது. 1959-ல் அம்பாசடருக்குள் வந்தது. ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங் மூன்று கொண்ட இந்த எஞ்சினில் ஆயிலை வெளியே விடாமல் வைத்திருப்பது, திருகாணியில் இருப்பதுபோல ஷாஃப்ட்டிலேயே வெட்டப்பட்ட ஒரு மரை.

பின் பேரிங்கிலிருந்து பிதுங்கும் ஆயில் முதலில் ஷாஃப்ட்டின் விளிம்பில் பட்டுச் சிதறி, வடிகால் வழியாக, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குத் திரும்புகிறது. அதையும் தாண்டி வருவதை மரை கவனித்துக்கொள்கிறது. மரையைச் சுற்றி, தொட்டும் தொடாமலும் ஒரு உருளைக் கூடு இருக்கும்: மேல்பாதி பிளாக் பக்கம், கீழ்பாதி, பேரிங்கின் அடிமூடியான பேரிங் கேப் பக்கம். நடுவே உள்ள இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குதான். பிசுபிசுப்பான ஆயில் அசையாத கூட்டையும் பிடித்துக்கொள்கிறது, சுழலும் ஷாஃப்ட்டையும் பிடித்துக்கொள்கிறது. இந்த இழுபறிக்கு நடுவே மரையின் சாய்ந்த சுவர் ஆயிலை எஞ்சினுக்குள்ளேயே திரும்பத் தள்ளுகிறது. ஒன்றோடொன்று உரசித் தேயும் பாகம் எதுவும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் இது.

அதாவது, இந்த மரை ஒரு பம்ப். அது எதிர்த்து நிற்கக்கூடிய அழுத்தம் ஆயிலின் பாகுத்தன்மைக்கும் ஷாஃப்ட்டின் வேகத்துக்கும் நேர்விகிதம்; இடைவெளியின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். இடைவெளி இரண்டு மடங்கானால் மரையின் பலம் கால்பங்காகிவிடும். எஞ்சின் சூடாகி, ஆயில் இளகி, ஐடிலிங்கில் மெதுவாக ஓடும் நேரத்தில்தான் மரை மிகவும் பலவீனமாக இருக்கிறது. எஞ்சின் நின்றுவிட்டால் பம்ப்பும் நின்றுவிடும். கூட்டில் மிச்சமிருக்கும் ஆயில் தரையில் விழும். நிறுத்திய பிறகு ஓரிரு சொட்டு விழுவது இந்த அமைப்பின் இயல்பு. அதற்காக எஞ்சினை இறக்க வேண்டாம்.

கசிவு ஒழுக்காக மாறினால் முதலில் பார்க்க வேண்டியது காற்றை. பிஸ்டன் ரிங் தேய்ந்தால் எரிந்த வாயு கீழே இறங்கி, கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அறையான கிராங்க் கேஸில் அழுத்தம் கூடும். அந்த வாயு வெளியேற டேப்பெட் பக்கமூடியில் பிரீதர் குழாய் இருக்கிறது. பல வருட ஆயில் கசடு அதை அடைத்துவிட்டால், உள்ளே சேரும் அழுத்தம் மரையை எதிர்த்து ஆயிலை வெளியே தள்ளும். பிரீதரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி மாட்டுவது ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யாமல் எஞ்சினில் கைவைப்பது வீண்செலவு என்றே சொல்வேன்.

அடுத்து, கசிவு உண்மையில் பின்முனையிலிருந்துதான் வருகிறதா? டேப்பெட் பக்கமூடியின் கேஸ்கட்டிலிருந்தோ வால்வு கவரிலிருந்தோ வழியும் ஆயில், பிளாக்கைத் தழுவிப் பின்னால் போய் அதே இடத்தில் சொட்டும். எஞ்சினை நன்றாகத் துடைத்து உலர்த்தி, முகப்பவுடரைத் தூவிச் சிறிது நேரம் ஓட விடுங்கள். ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம். அப்புறம், சீல் கசிவை நிறுத்தும் என்று பாட்டிலில் விற்கும் திரவங்கள் ரப்பரை உப்ப வைத்து வேலை செய்பவை. ரப்பரே இல்லாத இடத்தில் அவற்றால் பயன் இல்லை. மெல்லிய ஆயில் ஊற்றியிருந்தால், அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயிலுக்கு மாறுவது ஓரளவு உதவும். காரணம் அதே பாகுத்தன்மைக் கணக்கு.

இவ்வளவுக்குப் பிறகும் ஒழுகினால், மெயின் பேரிங் தேய்ந்திருக்கலாம். ஷாஃப்ட் கொஞ்சம் இறங்கினாலே மரைக்கு மேலே இடைவெளி அகலும், கீழே கூட்டில் உரசும். அப்போது எஞ்சினை இறக்கத்தான் வேண்டும். ஷாஃப்ட்டைக் கிரைண்டிங் செய்து அதற்கேற்ற அளவில் புது பேரிங் போட்டால் ஷாஃப்ட் பழையபடி மையத்துக்கு வரும். பின்முனைக்கு ரப்பர் சீல் பொருத்தும் கிட்களும் உண்டு. ஆனால் பேரிங்கைச் சரிசெய்யாமல் அதை மாட்டக் கூடாது. ரப்பர் உதடு, ஷாஃப்ட்டின் மேல் மைக்ரான் கணக்கில் மெலிந்த ஆயில் படலத்தின் மீது மிதந்து ஓடுவது. ஷாஃப்ட் ஆடினால் உதடு கூடவே ஈடுகொடுக்க முடியாமல் சீக்கிரமே கிழியும்.

முன்முனை எளிது. அங்கே டைமிங் செயினை மூடியிருக்கும் டைமிங் கவரில் நிஜமாகவே சீல் இருக்கிறது: பழையவற்றில் ஃபெல்ட், பிந்தியவற்றில் ரப்பர். புது சீலை அழுத்திய பிறகு கவர் போல்ட்டுகளைத் தளர்வாக மட்டும் போட்டு, புல்லியை உள்ளே செலுத்துங்கள். கவர் தானாக ஷாஃப்ட்டின் மையத்துக்கு வந்து நிற்கும். போல்ட்டுகளை அதன் பிறகு இறுக்குங்கள். புல்லியின் கழுத்தில் பழைய சீல் பள்ளம் போட்டிருந்தால் புது சீலும் ஒழுகும். கால் மில்லிமீட்டர் அளவே தடிமனான எஃகு உறையை அந்தக் கழுத்தில் ஏற்றிவிட்டால், புல்லியை மாற்றாமலேயே வேலை முடிந்துவிடும்.