பாக்கெட் எனும் பொதி

‘பேக்’ என்றால் ஆங்கிலத்தில் கட்டு, மூட்டை. அதன் சிறு வடிவம் ‘பாக்கெட்’. கடிதக் கட்டுகளை ஏற்றிச் சென்ற தபால் கப்பல்களுக்கும் ஒரு காலத்தில் இந்தப் பெயர் இருந்தது. கணினிப் பிணையத்தில் ஓடும் தரவுக்கு இதைச் சூட்டியவர், பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருந்த டொனால்ட் டேவிஸ், 1960களின் நடுப்பகுதியில். அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் இருந்த பால் பாரன் 1964இலேயே இதே எண்ணத்தை ‘மெசேஜ் பிளாக்’ என்று எழுதியிருந்தார். நிலைத்தது டேவிஸின் சொல்தான்.

தமிழில் பொட்டலம், சிப்பம், பொதி மூன்றும் புழங்குகின்றன. என் ஓட்டு பொதிக்கு. மாடு சுமப்பதும் பொதி, ஒன்றை உள்ளே வைத்து மூடுவதும் பொதிதல். தரவைத் துண்டாக்கி அனுப்பும் நெறிமுறையான டிசிபியின் துண்டத்தை, முகவரியிடும் நெறிமுறையான ஐபியின் பொதி பொதிந்துகொள்ள, அதைக் கம்பிவழிப் பிணையமான ஈத்தர்நெட்டின் சட்டகம் பொதிந்துகொள்கிறது. நடப்பதை வினையே சொல்லிவிடுகிறது. (மென்பொருள் பேக்கேஜையும் பொதி என்கிறார்கள். அதற்குத் தொகுப்பு போதாதா?)

துண்டம், பொதி, சட்டகம் எல்லாவற்றையும் பேச்சில் ‘பாக்கெட்’ என்றே சொல்லிவிடுகிறோம். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கர்னலில் அதோடு நான்காவதாக, பொதியை நினைவகத்தில் வைத்திருக்கும் எஸ்கேபி என்னும் கட்டமைப்பும் சேர்கிறது. பொதிகளை எண்ணும் நிரலில் வரும் வழு பலமுறை இங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஒரு செயலி (ஆப்) 14,600 பைட்டு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். துண்டாக்கும் வேலையை அட்டையிடம் விடும் டிஎஸ்ஓ வசதி இயங்கினால் கர்னல் அதை வெட்டாமல், ஒரே எஸ்கேபியாக நெட்வொர்க் அட்டையிடம் கொடுத்துவிடும். அட்டைதான் தலா 1,460 பைட்டாகப் பத்துத் துண்டமாக்கி அனுப்பும். எஸ்கேபியை எண்ணும் கவுன்ட்டர் 1 என்கும். அட்டையின் கவுன்ட்டர் 10 என்கும். பைட்டுக் கணக்கும் இடிக்கும். ஐபி அளவில் கர்னல் பார்த்தது 14,640. கம்பியில் போனது பத்து 1,500, அதாவது 15,000. குறைவது 360. ஐபிக்கு 20, டிசிபிக்கு 20 என ஒரு பொதியின் தலைப்பு (தரவுக்கு முன்னால் ஒட்டும் விவரம்) 40 பைட்டு, கர்னலின் கணக்கில் விடுபட்ட தலைப்புகள் ஒன்பது. பைட்டு வித்தியாசம் தலைப்பின் அளவால் (இங்கே 40) மீதியின்றி வகுபட்டு, ஈவு விடுபட்ட பொதிகளின் எண்ணிக்கையோடும் பொருந்தினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கர்னலில் இதற்கான திருத்தம், எஸ்கேபிக்குள் எத்தனை துண்டம் என்று சொல்லும் புலத்தைப் படித்து அத்தனையாகக் கூட்டுவது.

உறுதிசெய்ய, அட்டையின் அமைப்புகளை மாற்றும் ஈத்டூல் கட்டளையால் டிஎஸ்ஓ, கடைசி நேரத்தில் கர்னலே துண்டாக்கும் ஜிஎஸ்ஓ இரண்டையும் அணைத்துவிட்டு அதே தரவை மறுபடி அனுப்பலாம். பெறும் பக்கத்துக் கவுன்ட்டர் என்றால் ஜிஆர்ஓவையும் அணைக்க வேண்டும். அது வந்த பொதிகளை ஒட்டிப் பெரிதாக்குகிறது. அப்போதும் கணக்கு உதைத்தால் வழு வேறெங்கோ இருக்கிறது.