சாணைக்கல்லுக்கு மசியாத வில்லை

மலையகத் தோட்டங்களில் கவ்வாத்துக் கத்தியைக் கல்லில் தீட்டிப் பழகிய கை, மரக் கடைசல் உளியின் நுனியில் திருகாணியால் பூட்டப்படும் கார்பைட் வில்லையையும் அதே கல்லில் தேய்த்துப் பார்ப்பது இயல்பே. ஹட்டனுக்கு அருகே ஒரு பட்டறையில் அப்படித் தேய்த்த கல்லைப் பார்த்தேன்; பள்ளம் விழுந்திருந்தது கல்லில்தான், வில்லை மழுங்கியபடியே இருந்தது.

கடினத்தை எண்ணால் காட்டும் விக்கர்ஸ் அளவில் பதமேற்றிய கத்தி எஃகின் கடினம் ஏறத்தாழ 700 என்றால், கார்பைட் 1500ஐ எட்டுகிறது. சாதாரணச் சாணைக்கல்லின் அலுமினியம் ஒட்சைட்டு மணிகள் 2000 அளவிலேயே நிற்பதால் அவற்றால் எஃகைச் சீவ முடிகிறது, கார்பைட்டைத் தடவ மட்டுமே முடிகிறது. வைரமோ 10000ஐ நெருங்குகிறது.

1923 இல் ஜெர்மனியில், மின்குமிழ் இழைக் கம்பியை இழுக்கும் அச்சுக்காக உருவான இந்தக் கார்பைட் ஒரே வார்ப்பு அன்று. டங்ஸ்டன் கார்பைட்டின் நுண்மணிகளைக் கோபால்ட் பிணைத்து நிற்கிறது. ஈர மரச்சாற்றின் அமிலமும் தேக்கு போன்ற மரங்களில் உள்ள சிலிக்காவும் அந்தக் கோபால்ட்டை முதலில் அரித்துவிட, பிடிப்பிழந்த மணிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து முனை உருண்டுபோகிறது. அப்போது சுருள் சுருளாக வந்த சீவல் தூளாகிவிடும். வில்லையை நகத்தின்மேல் வைத்து மெல்லத் தள்ளினால் பற்றாமல் வழுக்கும். (படிந்த பிசினும் இதே ஏமாற்றைச் செய்யும் என்பதால், முதலில் அதைத் துடைத்துப் பார்ப்பது நல்லது.)

முனை என்பது தட்டையான மேல்முகமும் சரிவான பக்கமும் சந்திக்கும் கோடுதான். ஆகவே சரிவைத் தொடவே வேண்டியதில்லை. மேல்முகத்தில் பேனா மையைப் பூசி, நீர் தெளித்த 600 எண் வைரத் தட்டில் கவிழ்த்து வைத்து, ஒரு விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். மை ஓரம்வரை ஒரே சீராக மறைந்து, மழுங்கிய விளிம்பில் மின்னிய வெள்ளைக் கோடும் காணாமற்போன பின்னர், மணி இன்னும் நுண்ணிய 1200 எண் தட்டில் மெருகேற்றலாம். மேல்முகம் குழிந்த வில்லைகளுக்கு இம்முறை பொருந்தாது. உலர்வாகத் தேய்ப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். கோபால்ட் கலந்த தூசு நுரையீரலுக்குக் கேடு.

பக்கச் சரிவு 30 பாகையாயின், தடிப்பில் 0.1 மில்லிமீற்றர் குறையும்போது வட்ட வில்லையின் ஆரம் ஏறத்தாழ 0.06 மில்லிமீற்றர் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாத இழப்புத்தான். ஆனால் பலமுறை தீட்டிய பிறகு திருகாணியின் தலை மேல்முகத்துக்கு வெளியே துருத்தி, சீவல் வரும் வழியை மறிக்கத் தொடங்கினால், புதிய வில்லை வாங்கத்தான் வேண்டும்.