வோலடைல் என்று எழுதிவிட்டால் போதாது

இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக அதே பிழையைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். பல ஆண்டுகள் இன்டெல் சர்வர்களில் ஓடிய சி++ நிரல், ஏஆர்எம் சர்வருக்கு மாற்றிய மறுநாளே பழைய மதிப்புகளைப் படிக்கத் தொடங்கியது. "நிரலில் நாங்கள் எதையும் தொடவில்லை, சர்வரில்தான் கோளாறு" என்றார்கள். பிழை முதல் நாளிலிருந்தே அந்த நிரலில்தான் இருந்தது.

ஒரு த்ரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் செயல்பாடுகளில் ஒன்று) தகவலை எழுதிவிட்டு, 'தயார்' என்ற கொடியை 1 ஆக்குகிறது. இன்னொன்று கொடியைப் பார்த்துத் தகவலைப் படிக்கிறது. கொடியின் அறிவிப்புக்கு முன்னால் வோலடைல் (volatile) என்ற சொல். மூன்று இடங்களிலும் இதே சொல்; கொடி 1 என்றால் தகவலும் வந்திருக்கும் என்ற இதே நம்பிக்கை.

எத்தனை முறை சொல்வது! சி, சி++ மொழிகளில் வோலடைல் த்ரெட்களுக்காக வந்ததே அல்ல. வன்பொருள் தானாக மாற்றக்கூடிய ஓர் இடத்தைப் படிப்பதையும் எழுதுவதையும் கம்பைலர் (நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) நீக்கிவிடக் கூடாது என்பதற்காக வந்தது. கொடி மட்டும் வோலடைல், தகவல் சாதாரண மாறி என்றால், கம்பைலரே அவற்றின் வரிசையை மாற்றலாம். இரண்டையும் வோலடைல் ஆக்கினால் கம்பைலர் அடங்கும், பிராசசர் அடங்காது; ஓடும்போது அதுவும் வரிசையை மாற்றலாம். அதைத் தடுக்கும் பேரியர் கட்டளையை அந்தச் சொல் உருவாக்குவதில்லை. ஜாவாவில் நிலைமை வேறு: 2004இல் வந்த ஜாவா 5 முதல் அங்கே வோலடைல் வரிசைக்கும் உறுதி தருகிறது. அந்தப் பழக்கத்தோடு சி++ எழுத வருபவர்கள் தயவுசெய்து இதை மனத்தில் வையுங்கள்.

எக்ஸ்86இல், அதாவது இன்டெல் வகை பிராசசர்களில், ஒரு கோர் (பிராசசருக்குள் தனியே இயங்கும் பகுதி) எழுதுபவை எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்குத் தெரியும். முன்னால் எழுதியது ஸ்டோர் பஃபர் என்ற தற்காலிக இடத்தில் காத்திருக்க, பின்னால் வரும் படிப்பு முந்திவிடலாம்; அவ்வளவுதான். ஏஆர்எம், ஐபிஎம்மின் பவர் ஆகிய இரண்டு வகை பிராசசர்களிலும் அந்தப் பாதுகாப்பு இல்லை. டெக் நிறுவனத்தின் பழைய ஆல்ஃபா பிராசசரிலோ, புதிய சுட்டியை (நினைவக முகவரியை) படித்த பிறகும் அது காட்டும் இடத்தில் பழைய மதிப்பு கிடைக்கலாம். அதற்கென்றே லினக்ஸ் கெர்னலில் தனி பேரியர் வைத்திருந்தார்கள்.

கொடியை அட்டாமிக் (த்ரெட்கள் பாதுகாப்பாகப் பகிர்வதற்கான மாறி வகை) ஆக்குங்கள். முன்னால் எழுதியவை கொடிக்குப் பின் தள்ளிப்போகாதபடி ரிலீஸ் முறையில் எழுதுங்கள், பின்னால் படிப்பவை கொடியை முந்தாதபடி அக்வயர் முறையில் படியுங்கள். ஒரு பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். "வேகம் குறையுமே" என்கிறார்கள். எக்ஸ்86இல் இவை இரண்டும் சாதாரண மூவ் கட்டளைகளாகவே மாறுகின்றன. ஏஆர்எம்வி8இல் இவற்றுக்கென்றே தனிக் கட்டளைகள் உண்டு. வரிசைக்கு உறுதி தராத ரிலாக்ஸ்ட் முறையை வெறும் எண்ணிக்கைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அட்டாமிக் என்பதாலேயே சுற்றியுள்ள மாறிகளுக்கு வரிசை வந்துவிடாது. த்ரெட்களுக்கு இடையிலான மோதல்களைக் கண்டுபிடிக்கும் த்ரெட் சானிடைசரை இன்றே ஓட்டிப் பாருங்கள். சோதனை அந்தப் பாதையைத் தொட்டால், இன்டெல் கணினியிலேயே இத்தகைய மோதலை அது காட்டிக்கொடுக்கும். இதிலும் தெளிவில்லை என்றால் மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் பூட்டு) போடுங்கள், அதில் எந்தக் குறைவும் இல்லை.

மூன்றாவது நிரலில் நான் மாற்றியவை மூன்றே வரிகள். அவற்றைத் தேடி அந்த அணி நான்கு இரவுகள் தூங்கவில்லை.