டகோயாகி: எண்காலி உருண்டை அல்ல, பேய்க்கணவாய்ப் பணியாரம்

ஜப்பானின் ஒசாகா நகரில், தோத்தோன்போரித் தெருவில் எடுத்த காணொளி. கடைக்காரர் டகோயாகி என்னும் தின்பண்டத்தைச் சுடச்சுடத் தட்டில் வைத்து நீட்டுகிறார். பின்னணியில் தமிழ்க் குரல்: “எண்காலி உருண்டை, மேலே உயிரோடு நெளியும் மீன் செதில்கள்.” இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக இதைக் கேட்கிறேன். இனியும் பொறுக்க முடியவில்லை.

டகோ என்றால் ஆக்டோபஸ், யாகி என்றால் சுட்டது. ஒசாகாவில் மாட்டிறைச்சி வைத்துச் சுட்டுவந்த பண்டத்தில், பக்கத்து அகாஷி ஊரில் செய்வதைப் பார்த்து ஆக்டோபஸ் துண்டை வைத்தவர் எண்டோ தொமேகிச்சி. ஆண்டு 1935. சொல்லின் கதை அவ்வளவுதான்.

எண்காலிக்கு வருவோம். எட்டுக் கால் சிலந்திக்கும் உண்டு, தேளுக்கும் உண்டு. இதில் எதைத் தின்னச் சொல்கிறார்கள்? நம் மீனவர்கள் இந்த உயிரைப் பேய்க்கணவாய் என்கிறார்கள். கடற்கரையில் புழங்கும் பெயர் இருக்க, மேசையில் உட்கார்ந்து புதுப்பெயர் செய்வானேன்?

உருண்டை அதைவிடத் தவறு. எள்ளுருண்டை, கோலா உருண்டை எல்லாம் கையால் உருட்டுபவை. டகோயாகியை யாரும் உருட்டுவதில்லை. குழிக்கல்லில் எண்ணெய் தடவி, கோதுமை மாவும் முட்டையும் தாஷி என்னும் மீன், கடற்பாசிச் சாறும் சேர்த்து நீர்க்கக் கரைத்த மாவைக் குழி வழிய ஊற்றுகிறார்கள். குழிக்கு ஒரு பேய்க்கணவாய்த் துண்டு, கொஞ்சம் வெங்காயத்தாள், சிவப்பு இஞ்சி ஊறுகாய். அடி வெந்ததும் கூரான கம்பியால் கால்வட்டம் திருப்புகிறார்கள். மேலே வழிந்த பச்சை மாவு குழிக்குள் இறங்கி மறுபாதி ஆகிறது. குழிப்பணியாரம் சுட்ட கைக்கு இது புதிதா என்ன?

பணியாரம் என்றால் அரிசியும் உளுந்தும் அல்லவா என்று ஒரு நண்பர் மறுத்தார். கோதுமை மாவும் வெல்லமும் கரைத்துச் சுட்டாலும் நம் வீடுகளில் அது பணியாரம்தான். இங்கே பெயரைத் தருவது குழிதான், மாவு அல்ல.

அப்புறம் அந்த ‘மீன் செதில்’. செதில் என்பது மீன் ஆயும்போது சுரண்டி எறிவது. ஃபிளேக்ஸ் என்ற சொல்லை அகராதியில் தேடி, முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். டகோயாகியின் மேல் தூவுவது கத்சுவோபுஷி: சூரை மீனை அவித்து, புகையிட்டு, கட்டைபோல் உலர்த்திச் சீவியது. யாழ்ப்பாணத்துச் சமையலறையில் மாசிக் கருவாட்டை இடித்தவர்களுக்கு அதன் நெருங்கிய உறவு தெரியும். மாசிச் சீவல் என்றால் போதும். தாள்போல் மெல்லியது என்பதால் சூட்டிலும் ஆவியிலும் சுருண்டு ஆடுகிறது. அதில் உயிர் ஏது?

அதே காணொளியில் அடுத்து வந்த தையாகியைச் ‘சுட்ட மீன்’ என்றார்கள். அது மீன் வடிவ அச்சில் மாவு ஊற்றி, உள்ளே இனிப்புப் பயற்றுப் பூரணம் வைத்துச் சுடுவது. மீன் அச்சப்பம் என்றிருக்கலாம். மீன் தொடாதவர் ஒருவர் இந்த மொழிபெயர்ப்பை நம்பினால், இனிப்பான தையாகியை ஒதுக்கிவிடுவார்.