டின் பால் ரெப் டாக்டர்கிட்ட என்னதான் பேசுறார்?

குழந்தை டாக்டரா பிராக்டிஸ் பண்ற யாரை வேணா கேட்டுப் பாருங்க, டின் பால் (தாய்ப்பாலுக்குப் பதிலா குழந்தைக்குக் கலக்கிக் குடுக்கிற பவுடர்) கம்பெனியோட ரெப், அதாவது விற்பனைப் பிரதிநிதி, யாரும் "எங்க பவுடர எழுதுங்க டாக்டர்"னு நேரடியா கேக்க மாட்டாங்க. மரியாதையா வந்து உக்காந்து ஒரு வழவழ பேப்பரக் காட்டி, ஓயாம அழற குழந்தை, எதுக்களிக்கிற குழந்தை, ராத்திரி தூங்காத குழந்தை, இதப் பத்தி மட்டும் பேசுவாங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிரச்சினைப் பேரு இருக்கும், அந்தப் பேருக்குன்னே ஒரு டின்னும் இருக்கும்.

பால் விக்கிறது அப்புறம்தாங்க. முதல்ல நல்லா இருக்கிற குழந்தைய ஏதோ கோளாறு இருக்கிற குழந்தையா பாக்குறதுக்கு டாக்டரோட கண்ணப் பழக்குறாங்க.

பச்சைக் குழந்தை அழும், கக்கும், ராத்திரி நாலு தடவை முழிக்கும், பெரும்பாலும் இது நோயே இல்ல. பொறந்த முதல் நாள் ஒரு தடவைக்கு சில மில்லி சீம்பால்தான் வரும், அதுவே போதும். முதல் சில நாள்ல எடை 7 சதவீதம் வரைக்கும் குறையறது சகஜம், 10 சதவீதத்தத் தாண்டினா கட்டாயம் பாக்கணும். இதெல்லாம் எல்லா டாக்டருக்கும் தெரியும். ஆனா கூட்டமா இருக்கிற ஓபில, அழுது வீங்கின கண்ணோட ஒரு அம்மா "பால் பத்தல டாக்டர்"னு சொல்றப்ப, உக்காந்து குழந்தை வாய் வைக்கிற விதத்தப் பாத்து சரி பண்ண அரை மணி நேரம் ஆகும், டின் பேரு எழுத அரை நிமிஷம் போதும், அந்த அரை நிமிஷத்துல எந்தப் பேரு ஞாபகத்துக்கு வருதுங்கிறதுலதான் ரெப்போட மொத்த உழைப்பும் இருக்கு.

அதுக்கப்புறம் நடக்கிறதுதான் கொடுமை. குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும், புட்டிப் பால் குடிச்ச குழந்தை மார்ல சப்புறத குறைச்சிடும், பால் சுரக்கிறதும் குறையும். இல்லாத பற்றாக்குறை ஒரு வாரத்துல நெசமாவே வந்துடும், "டாக்டர் சொன்னது சரிதான்"னு வீட்டுல எல்லாரும் நம்பிடுவாங்க.

இது ஒண்ணும் புதுசா கண்டுபிடிச்ச விஷயம் இல்ல. 1981லயே டபிள்யூ.எச்.ஓ.வோட (உலக சுகாதார நிறுவனம்) உறுப்பு நாடுகள் கூடுற உலக சுகாதார சபைல தாய்ப்பால் மாற்று உணவு மார்க்கெட்டிங்குக்கு சர்வதேச விதிமுறை கொண்டு வந்தாங்க, 118 நாடு ஆதரவு, எதிர்த்து ஓட்டுப் போட்டது அமெரிக்கா மட்டும். டாக்டருக்கு கம்பெனி குடுக்கிற தகவல் அறிவியல் சார்ந்ததா மட்டும் இருக்கணும், பரிசோ பணமோ குடுக்கக் கூடாது, இலவச சாம்பிள் அம்மாக்கள் கைக்குப் போகக் கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. எத்தனை நாடு இத முழுசா சட்டமாக்குச்சுங்கிறது வேற கதை.

ஒரு பக்கம் அடைச்சா இன்னொரு பக்கம் வருவாங்க. மாநாட்டுக்கு ஸ்பான்சர், பேச்சாளருக்கு ஃபீஸ், "ஊட்டச்சத்து பயிற்சி"ங்கிற பேர்ல நல்ல ஓட்டல்ல சாப்பாடு. ஆறு மாசத்துக்கு மேல, ஒரு வயசுக்கு மேலன்னு தனித்தனி டின் வந்ததும் இதே சாமர்த்தியம்தான், லேபிள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், பெரிய குழந்தைக்கு விளம்பரம் பண்ணா பச்சைக் குழந்தை டின்னும் சேந்து விக்கும். 2016ல உலக சுகாதார சபை மூணு வயசு வரைக்குமான பாலையும் இந்த விதிமுறைக் கணக்குல சேக்கச் சொல்லுச்சு. 2019ல பிரிட்டன் குழந்தை டாக்டர்கள் சங்கம் இந்தக் கம்பெனிங்ககிட்ட பணம் வாங்குறதயே நிறுத்திடுச்சு, லேட்டுதான், ஆனாலும் செஞ்சாங்க.

"ஒரு பேனாவுக்கும் சாப்பாட்டுக்கும் நான் மாறிடுவேனா"ன்னு கேக்குற சக டாக்டருங்க உண்டு. பலன் இல்லாமலா கம்பெனிக்காரங்க வருஷா வருஷம் செலவு பண்றாங்க? 2022ல டபிள்யூ.எச்.ஓ.வும் யுனிசெஃபும் 8 நாட்டுல 8,500 பெற்றோர், கர்ப்பிணிங்ககிட்ட விசாரிச்சப்ப, மூணுல ஒரு பங்குக்கு மேல பெண்கள், குறிப்பிட்ட பிராண்டையே மருத்துவப் பணியாளர் சொன்னதா சொல்லியிருக்காங்க.

டின் பாலே விஷம்னு நான் சொல்லல. காலக்டோசீமியா (பால்ல இருக்கிற சர்க்கரைய உடம்பால பயன்படுத்த முடியாத கோளாறு) மாதிரி அபூர்வ நோய் இருக்கிற குழந்தைக்கு ஸ்பெஷல் பால்தான் உயிரு, அம்மா இல்லாத குழந்தைக்கும் வேணும், எல்லாம் தெரிஞ்சே டின் பால் குடுக்க முடிவு பண்ற அம்மாவ யாரும் குத்தம் சொல்லவும் கூடாது.

டாக்டர் டின் எழுதிக் குடுத்தா நாலு கேள்வி கேளுங்க, தப்பே இல்ல. எதுக்காக இது? எடை எவ்வளவு ஏறியிருக்கு? பால் குடிக்கிறதப் பாத்தீங்களா? எத்தன நாளைக்கு? அஞ்சாம் நாளுக்கு அப்புறம் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நல்லா ஒண்ணுக்குப் போயி, எடையும் ஒழுங்கா ஏறுதுன்னா பால் பத்துதுன்னுதான் அர்த்தம். பவுடர் குடுத்தே ஆகணும்னா, அது கிருமியே இல்லாத பொருள் கிடையாது, கொதிக்க வச்ச தண்ணி 70 டிகிரிக்குக் கீழ போறதுக்குள்ள கலக்கி, நல்லா ஆறவச்சுக் குடுங்க.