சிறுநீரகத்துக்கு ‘சக்தி’ ஏற்றாதீர்கள்

இந்த மாதம் என் மேசைக்கு வந்த நான்காவது பொடி டப்பா இது. “எதிர்ப்பு சக்திக்கு டாக்டர், கெமிக்கலே கிடையாதாம்” என்றார் அந்த அம்மா. பக்கத்தில் கணவர், கால் இரண்டும் வீங்கி உட்கார்ந்திருக்கிறார். பதினேழு வருடச் சர்க்கரை. கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய, நீங்கள் ‘உப்பு’ என்று சொல்லும் கழிவு, ஆறு மாதத்துக்கு முன் ரத்தத்தில் 1.6 இருந்தது, இப்போது 4.2. நான் எழுதிய மாத்திரைகளை நிறுத்தி நாலு மாதமாகிறதாம். “மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்குதுன்னு சொன்னாங்க.” யார் சொன்னார்கள் என்று கேட்டால் எந்தக் குடும்பத்திலும் பெயர் வராது. சொன்னாங்க, அவ்வளவுதான்.

சர்க்கரை மட்டும் இவ்வளவு வேகமாகச் சிறுநீரகத்தைச் சாய்ப்பது அரிது. பொடியில் என்ன இருக்கிறதென்று டப்பாவில் ஒரு வரி கூட இல்லை.

எனக்குக் கோபம் ‘சக்தி’ என்ற சொல் மேல்தான். சக்தி என்று பெயர் வைத்ததால், அது தொட்டித் தண்ணீர் மாதிரி, குறைந்தால் நிரப்பலாம், நிரம்பி வழிந்தாலும் நல்லது என்று நினைத்துக்கொள்கிறோம். நோய் எதிர்ப்பு என்பது அளவல்ல, வேலை. எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்பதில்தான் அதன் நன்மையும் தீமையும். உடல் தன்னையே தாக்கும் நோய்களான முடக்குவாதமும் லூபஸும் எதிர்ப்பு குறைந்ததால் வருவதில்லை. தடம் மாறியதால் வருகின்றன. கோவிட் காலத்தில் ‘சக்தி’க்காகச் சீந்தில் குடித்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். உடல் தன் கல்லீரலையே தாக்கும் நோயின் சாயல் அதில் இருந்தது.

“சுகர் இருந்தா எதிர்ப்பு சக்தி குறைவுன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்று கேட்பார்கள். சொன்னேன். சர்க்கரை ஏறிக் கிடந்தால் வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்லத் தடுமாறும், புண் ஆறாது. அதே உடம்பில், கிருமியே இல்லாத சிறுநீரகத்தில், அதே கூட்டத்து அணுக்கள் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். இரண்டும் உண்மை. இரண்டுக்கும் வைத்தியம் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, பொடி அல்ல.

இந்த அணுக்கள்தான் பிறவியிலேயே நமக்கு வாய்த்த முதல் வரிசை எதிர்ப்பு. 1882-இல் ரஷ்ய விஞ்ஞானி மெச்னிக்கோவ் ஒரு நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் பார்த்தால் அதைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன. முள் கிருமியா, குப்பையா என்று அவை விசாரிக்கவில்லை. நம்முடையவையும் அப்படித்தான். சர்க்கரையாலும் ரத்த அழுத்தத்தாலும் அடிபட்ட சிறுநீரக அணுக்கள் உள்ளிருப்பதைக் கசியவிடுகின்றன. கிருமியை அடையாளம் காண அணுக்களில் இருக்கும் டோல் ஏற்பிகள் அந்தக் கசிவுக்கும் மணி அடிக்கின்றன. என்எல்ஆர்பி3 என்ற புரதக் கூட்டம் விழித்து அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1பீட்டாவை அவிழ்த்துவிடுகிறது. மேக்ரோபேஜ்கள் என்ற விழுங்கும் அணுக்கள் வந்து குவிகின்றன, போவதில்லை. சர்க்கரை வருடக்கணக்கில் இருப்பதால் மணியும் நிற்பதில்லை. கடைசியில் வடிகட்டி இருந்த இடத்தில் தழும்பு. இந்தக் கூட்டத்துக்கா இன்னும் சக்தி ஏற்றுகிறீர்கள்?

இதைக் கேட்ட ஒரு ஆசிரியர், “அழற்சின்னா வலி மாத்திரை போட்டுக்கலாமே சார்” என்றார். வேண்டவே வேண்டாம். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையே குறைப்பவை. மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்குவதை இன்றோடு விடுங்கள். (அழற்சியை அடக்கப் புது வழி தேடிய பார்டாக்சலோன் என்ற மருந்தின் ஆய்வையே, இதயம் செயலிழந்தவர்கள் அதிகமானதால் 2012-இல் பாதியில் நிறுத்தினார்கள். எங்களுக்கே அவ்வளவு எளிதில்லை.)

சிறுநீரகத்தைக் காப்பதாக நிரூபணமான மருந்துகள் இருக்கின்றன. லோசார்டான், டெல்மிசார்டான் வகை ரத்த அழுத்த மாத்திரைகள், டாபாக்ளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரைகள், தேவைப்படுவோருக்கு ஃபினெரெனோன். 2020-இல் காப்புரிமை முடிந்தபின் டாபாக்ளிஃப்ளோசின் விலை நன்றாக இறங்கிவிட்டது. ‘கட்டுப்படியாகாது’ என்ற பேச்சு இனி வேண்டாம். இவற்றை ஆரம்பித்ததும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். அது எதிர்பார்த்ததுதான். பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள், போன் பண்ணுங்கள். வாந்தி, பேதி என்றாலும் அப்படியே: எந்த மாத்திரையை இரண்டு நாள் நிறுத்தணும் என்று நாங்கள் சொல்கிறோம்.

‘உப்பு நார்மல்’ என்று லேப் ரிப்போர்ட்டை ஆட்டிக் காட்டாதீர்கள். பாதி வேலை போகும்வரை கிரியாட்டினின் நார்மலாகவே இருக்கலாம். முதலில் காட்டிக்கொடுப்பது, சிறுநீரில் புரதம் கசிவதைச் சொல்லும் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம். அது 30 mg/g-ஐத் தாண்டினால் மறுபடி பார்த்து உறுதிசெய்ய வேண்டும். டைப் 2 என்றால் சர்க்கரை கண்டுபிடித்த நாளிலிருந்தே வருடத்துக்கு ஒரு முறை. சிறுநீரில் நுரை வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

அடுத்த முறை வரும்போது பொடி, கஷாயம், சூரணம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். ஒளிக்காதீர்கள். திட்டுவேன், அது நிச்சயம். ஆனாலும் கொண்டு வாருங்கள்.